சாக்குக் கழிவும் சின்ன மச்சானும்

எங்களுக்குச் சீதனமாக எழுதித் தந்தது மட்டக்களப்புக் கல்லடி வீடு மட்டும்தான். களுவாஞ்சிகுடியில் மாமாவின் நெல்லுக்கடைக் கொம்பியூட்டரைப் பற்றி உறுதியில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அது கோபித்துக்கொண்டு படுக்கிற நாளில் எல்லாம் போன் எனக்குத்தான் வருகிறது.

இந்த முறை விடியப்புறமே வந்தது. வெட்டு நடக்கிற காலம். பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால இருந்து நெல் ஏற்றிய உழவு மெசின்கள் கோழி கூவ முதல் வந்து வரிசை கட்டிவிடும்.

"மருமகன், நெல்லுப் புறோகிராம் திறக்குதில்ல. ஒரு பெட்டி வருது. ஓகேயை அமத்தினா பெட்டியும் போகுது, புறோகிராமும் போகுது."

பின்னால் மாமியின் குரல்: "ராவு நல்லாத்தானே இருந்த. பின்வளவாள் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனவ. கண்ணூறுதான், வேறென்ன."

அந்தப் புறோகிராமை எழுதித் தந்தவருக்கு மாமா ஏற்கெனவே போன் போட்டிருந்தார். வருடக் கட்டணம் கட்டி முடிக்காதவர்களுக்கு அவர் சொல்லும் வைத்தியம் ஒன்றே ஒன்று: விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்க. தலையிடிக்குத் தலையை மாற்றச் சொல்கிற ஆள்.

நான் ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம் என்று ஒவ்வொரு ஊர் மாட்டுக்கும் வழி விட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கடை முற்றத்தில் சின்னத் திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் மாமி பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்தார். களுதாவளைப் பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்து முடிந்துவிட்டது. மாமா பழைய கொப்பியில் பேனையால் எழுதினார். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: கரண்ட் கூடக்குறைய வருகிறது, எலி வயரைக் கடித்திருக்கிறது, வைரஸ். வெல்லாவெளிக்காரர் ஒருவர், நெல்லில் ஈரம் கூடினால் கொம்பியூட்டரும் பிடிக்காமல் போகும் என்று சத்தியம் பண்ணாத குறை.

பெட்டியில் இருந்தது இவ்வளவுதான்: "'0.5' இஸ் நொட் எ வெலிட் ஃப்ளோட்டிங் பொயிண்ட் வெல்யூ." அதாவது, 0.5 சரியான தசம எண் இல்லையாம்.

0.5 என்பது சாக்குக் கழிவு. சாக்கின் பாரத்துக்காக மூடைக்கு அரைக் கிலோ கழிப்பது. ஈரப்பதன் 14 வீதம், சாக்குக் கழிவு 0.5 என்று சின்னதொரு செட்டிங்ஸ் கோப்பில் எழுதி வைத்து, திறக்கிற நேரம் முதல் வேலையாக அதைத்தான் அந்தப் புறோகிராம் வாசிக்கும். வருடக் கணக்காய் வாசித்த அதே அரைக் கிலோ, இன்றைக்கு மட்டும் என்ன குற்றம் செய்தது?

கோப்பைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அழித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதே பெட்டி. பிறகு பில் போடுகிற பிள்ளை வந்து தன்னுடைய பெயரில் லொகின் பண்ணினாள். புறோகிராம் ஒன்றுமே நடக்காத மாதிரித் திறந்தது. மாமாவின் பெயரில் போனால் பெட்டி, பிள்ளையின் பெயரில் போனால் வேலை. மாமி என்னைப் பார்த்த பார்வையில் கண்ணூறுக் கட்சிக்கு நூறு வாக்கு கூடியது.

அப்போதுதான் திரையின் வலது மூலையில் கண் போனது. மாமாவின் லொகினில் திகதிக்கு நடுவே சாய்கோடு இல்லை, புள்ளி இருந்தது. கல்குலேட்டரைத் திறந்து ஒன்றை இரண்டால் பிரித்தேன். 0,5. புள்ளி நிற்க வேண்டிய இடத்தில் கமா.

"ராத்திரி இதில ஆர் இருந்த?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை. ஜேர்மனியில் இருந்து லீவில் வந்த சின்ன மச்சான் உள்ளறையில் ஃபேனுக்குக் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எழுப்பிக் கேட்டால், "என்ட பேங்க் ஃபைல் எக்செலில கோணல்மாணலாத் தெரிஞ்ச அத்தான். விண்டோஸில ரீஜன் எண்ட நாட்டு செட்டிங்கை ஜேர்மன் ஆக்கினன், சரியா வந்த. உலகத்தில பாதி நாடு கமாதானே பாவிக்குது" என்றார். உண்மைதான். அந்தப் பாதி நாடுகள் முழுக்க எங்கள் குடும்பம் சிதறி இருப்பதுதான் என் கரைச்சல். ஆயிரத்து இருநூற்று ஐம்பதை ஜேர்மனியில் 1.250,00 என்று எழுதுவார்கள். பாரிஸ் பெரியம்மா இடைவெளி விட்டு 1 250,00 என்பார். சுவிஸ் சித்திக்கு 1'250.00, ஆயிரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேற்கோள் குறி தொங்கும். பெரிய மச்சாளின் கல்யாணத்துக்கு ஜேர்மனியில் இருந்து 'தாலிக்கொடிக்கு 1.250 யூரோ' என்று எழுதி அனுப்பியதை மாமா ஒன்றேகால் யூரோ என்று வாசித்து, அந்தக் கோபத்தில் பந்தல்காரனோடு சண்டை பிடித்த கதையும் உண்டு.

திருத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விண்டோஸ் பட்டனும் R பட்டனும் சேர்த்து அமத்தி, intl.cpl என்று அடித்தால் ரீஜன் பெட்டி வரும். அதில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' போய் டெசிமல் சிம்பலைப் புள்ளியாக்கி, ஆயிரம் பிரிக்கிற குறியைக் கமாவாக்கினால் சரி. ஒவ்வொரு லொகினுக்கும் இது தனித்தனி. பிள்ளையின் பெயரில் திறந்து மாமாவின் பெயரில் திறக்காத மாயம் அதுதான். புறோகிராம் திறந்தது, மெசின்கள் நகர்ந்தன, தேங்காய் உடைபட்டது. புகழ் முழுக்கப் பிள்ளையாருக்கு.

எனக்கு மச்சானில் கோபம் இல்லை. எழுதியவரில்தான். கோப்பில் புள்ளி போட்டு எழுதத் தெரிந்த மனுசனுக்கு, வாசிக்கும்போதும் புள்ளிதான் என்று புறோகிராமுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு வரி போதும். அதை விட்டுவிட்டு விண்டோஸிடம் போய் "இண்டைக்கு எந்த நாட்டுக் கணக்கு?" என்று கேட்டு நிற்கிறது. அதற்கு வருடக் கட்டணம் வேறு. ஆனால் ஒன்று, இது டெல்ஃபி என்ற புறோகிராம் மொழியில் எழுதின பழைய சாமான் என்றபடியால் 'மாட்டேன்' என்று நின்றது. மைக்ரோசொஃப்டின் டொட் நெட்டில் கவனமில்லாமல் எழுதியிருந்தால், ஜேர்மன் செட்டிங்கில் அந்தப் புள்ளியை ஆயிரம் பிரிக்கிற குறியென்று எண்ணி, சத்தம் போடாமல் தாண்டிப் போயிருக்கும். 0.5 கிலோ கழிவு 5 கிலோ ஆகும். 62.5 கிலோ மூடை 625 கிலோ ஆகும். அன்று நெல் கொண்டு வந்தவர்கள் மாலையில் ஆளுக்கொரு புது மெசினில் மண்டூர் போயிருப்பார்கள். மாமா என் சீதன வீட்டைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

இதை மாமாவுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், மச்சான் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குரலைக் குறைத்தார்.

"அந்தப் பிள்ளைக்கு வேற பேர் இரிக்கிற மாதிரி இவனுக்கும் ஒரு பேர் போட்டு வைக்க ஏலுமா மருமகன்? அதில கமாவே இருக்கட்டும். வாற நேரம் அவன் பழகின மாதிரி இரிக்கட்டுமே."

மூன்று நாலு வருடத்துக்கு ஒருக்கா வருகிறவருக்கு லொகின். ஒன்றும் பேசாமல் போட்டுக் கொடுத்தேன். ஜேர்மன் ரீஜன், கமா எல்லாம் அவர் விருப்பப்படி. கடவுச்சொல் என்ன வைக்க என்று கேட்டதற்கு, மச்சானைச் சின்னதில் கூப்பிட்ட பெயரை மாமி சொன்னார். அதை இங்கே எழுதினால் மச்சான் என்னைக் கொன்றுவிடுவார்.

வெளிக்கிட்டு ஹெல்மெட்டைப் போடும்போது மாமி கேற்றடிக்கு வந்தார்.

"ஆவணியில சுவிஸ் சித்தியும் வாறாவாம் மருமகன். அவக்கும் ஒண்டு போட்டு வெச்சா நல்லம்தானே."