ஒரு ஷூவை வைத்து நடத்திய பாடம்

மாசசூசெட்ஸில் எட்டாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். அமெரிக்கத் தொழில்மயம் வரும்போது முதல் சில வருடங்கள் புத்தகம் பிரித்து வைத்திருந்தபடியே நடத்தினேன். கண்டுபிடிப்பாளர்களுக்கு ஒரு பாடம், தொழிற்சாலைகளுக்கு ஒன்று, குடியேறிகளுக்கு இன்னொன்று. எடிசன், 1879, மின்விளக்கு, 1,093 காப்புரிமைகள். குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவு, 1892. பிள்ளைகள் சரியாகத்தான் எழுதினார்கள், ஆனால் ஒரு பாடத்தில் வந்தவர்களுக்கும் அடுத்த பாடத்தில் வந்தவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டால் முழித்தார்கள். தப்பு அவர்களுடையது இல்லை, நான் நடத்திய விதம்தான்.

நான் ஆம்பூர்க்காரி. அப்பா ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷனில் இருந்தார், அதனால் அந்தச் சொல் எனக்கு வீட்டுச் சொல். பாத வடிவக் கட்டையின் மேல் தோலை இழுத்து, விரல் பக்கமும் குதிகால் பக்கமும் சுருக்கம் விழாமல் மடித்து, அடிப்பாகத்தோடு சேர்த்துப் பொருத்துவது. இந்த வேலையைச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கிய யான் மாட்ஸெலிகர் எங்கள் மாநிலத்தின் லின் நகரில்தான் வேலை பார்த்தார் என்று தெரிந்தபோது, இத்தனை நாள் இவரை விட்டுவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை.

1852இல் தென் அமெரிக்காவின் டச்சு காலனியாக இருந்த சுரினாமில் பிறந்த கறுப்பினத்தவர். கப்பல் வேலையில் சேர்ந்து அமெரிக்கா வந்து, 1877இல் லின்னுக்குப் போய் ஷூ தொழிற்சாலையில் சேர்ந்தார். வந்தபோது ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. தையல் இயந்திரம் வந்து மேல்தோல் தைப்பது வேகமாகிவிட்டது, ஆனால் லாஸ்டிங் மட்டும் கைவேலையாகவே இருந்தது, தேர்ந்த ஆள்கூட ஒரு நாளில் ஐம்பது ஜோடிதான் முடிப்பார், அதனால் எல்லாம் அங்கே வந்து தேங்கி நிற்கும். பகலெல்லாம் தொழிற்சாலை, ராத்திரி தன் அறையில் சுருட்டுப் பெட்டிப் பலகையும் கம்பியும் வைத்து மாதிரி செய்துகொண்டிருந்தார். 1883 மார்ச்சில் காப்புரிமை கிடைத்தது. வரைபடம் பிடிபடாமல், காப்புரிமை அலுவலகம் இயந்திரத்தை நேரில் பார்த்துவர ஆளையே அனுப்பியதாம். அதற்கு முந்தைய வருடம்தான் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். இந்த இரண்டு வருடங்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவேன்.

வகுப்புக்கு ஒரு மரக்கட்டையும் தோல் துண்டும் கொண்டுபோனேன். ஒரு பெண் குறடு பிடித்து இழுத்தாள், விரல் பக்கம் சுருங்கிச் சுருங்கி வந்தது, நாலு தடவை பிரித்துப் பார்த்தாள். "இதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவையா?" என்று கையை உதறிக்கொண்டே கேட்டாள். அப்புறம் தான் போட்டிருந்த ஷூவைக் கழற்றி மடிப்பைத் தேடினாள். குவாத்தமாலாவிலிருந்து வந்து இரண்டு வருடமான ஒரு பையன், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன், "என் அம்மாவும் வேலை முடிஞ்சு ராத்திரிதான் ஆங்கிலம் படிக்கிறாங்க" என்றான்.

இயந்திரம் ஒரு நாளில் 150 முதல் 700 ஜோடி வரை செய்தது, ஷூ விலை ஏறக்குறைய பாதியானது என்று சொன்னதும் அதே பையன் கேட்டான்: அப்போ கையால செஞ்சவங்க என்ன ஆனாங்க?

நியாயமான கேள்வி. லாஸ்டிங் ஆட்கள் நல்ல கூலி வாங்கியவர்கள், சங்கம் வைத்திருந்தவர்கள். சட்டென்று ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் அதே லின்னில் 1860 பிப்ரவரி 22 அன்று தொடங்கிய ஷூத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை எடுத்தேன். இயந்திரம் வந்து கூலி குறைந்ததும் அதற்கு ஒரு காரணம், பெண்களும் ஊர்வலம் போனார்கள். மாட்ஸெலிகர் 1889இல் காசநோயில் இறந்தார், வயது 36, தன் இயந்திரம் சம்பாதித்ததை அனுபவிக்கவே இல்லை என்று நான் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை.

இப்போது எடிசனும் எல்லிஸ் தீவும் இதற்குப் பிறகுதான். முதல் நாள் மேசையில் கட்டையை வைத்துவிட்டு, அந்தப் பையனின் கேள்வியைப் பலகையில் எழுதித்தான் தொடங்குகிறேன்.