பனங்களியும் ஒரு நொதியமும்

கல்லூரி மலர்க்குழுவில் இருந்து தொலைபேசி எடுத்தவன் என்னோடு உயர்தரம் படித்தவன். "மச்சான், எல்லாரும் பிக் மட்சைப் பற்றியே எழுதித் தாறாங்கள். நீயாவது படிச்ச விசயம் ஏதும் எழுதடா" என்றான். அந்தக் கிரிக்கெட் மட்ச் நாட்களில் நான் மதிலில் இருந்து கச்சான் உடைத்தவன் மட்டுந்தான். ஆகவே படித்த விசயமே எழுதுகிறேன். அது சவர்க்காரத்தில் தொடங்குகிறது.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்த தலைமுறைக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. உடுப்புத் தோய்க்கப் பனம்பழம்தான். பழத்தைப் பிய்த்து, தும்போடு துணியில் தேய்த்தால் நுரை வரும், ஊத்தையும் போகும். வெள்ளைச் சட்டை கொஞ்சம் மஞ்சள் தட்டும். கொடியில் காயப்போட்டால் காவல் இருக்கவேண்டும், இல்லையென்றால் மாடு வந்து சப்பிவிடும். என்னுடைய பள்ளிக்கூடச் சட்டை ஒன்றின் கொலர் அப்படித்தான் போனது.

அந்த ஆவணியிலோ அடுத்த ஆவணியிலோ, எங்கள் இரசாயனவியல் சேர் ஒரு பனம்பழத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வந்தார். காஸ் இல்லை, பன்சன் சுடரடுப்புகள் வரிசையாகத் தூசி பிடித்துக் கிடந்தன. செய்முறை வகுப்பு என்றால் ஸ்பிரிற் விளக்கும் இரண்டு மூன்று சோதனைக் குழாய்களுந்தான். அவர் களியைத் தண்ணீரில் கரைத்து, சேலைத் துண்டில் வடித்து ஒரு குழாயில் ஊற்றினார். வீட்டில் இருந்து கொண்டுவந்த, நகமளவு மிஞ்சியிருந்த சவர்க்காரத்தைச் சீவி இன்னொரு குழாயில் போட்டார். இரண்டுக்கும் கல்லூரிக் கிணற்றுத் தண்ணீர். "குலுக்கும்" என்றார். சவர்க்காரக் குழாயில் நுரையைக் காணோம், தயிர் திரைந்ததுபோல் வெள்ளைப் படை மிதந்தது. பனங்களிக் குழாயில் விரலளவு நுரை.

யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கியது, தண்ணீரில் கல்சியம் கூட, சவர்க்காரம் அதோடு சேர்ந்து திரைந்து விடும். இது புத்தகத்தில் இருந்தது, சொன்னோம். "சரி, அப்ப பனங்களி ஏன் திரையேல்லை?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரும் விடை சொல்லவில்லை. மணி அடித்தது. அடுத்த நாள் சமநிலை மாறிலிக்குப் போய்விட்டார். எனக்கு அது அப்போது பெரிய குறையாகத் தெரிந்தது.

1992இல் நான் இங்கிலாந்துக்கு வந்தேன். வந்த கதை எல்லாருடைய கதையுந்தான், விட்டுவிடுகிறேன். உயிர் இரசாயனவியலில் பட்டம் முடித்து, 1996 ஐப்பசியில் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் படிப்புக்குச் சேர்ந்தேன். எனக்குத் தந்த வேலை, கலமென்சவ்வில் இருக்கும் ஒரு நொதியத்தை, அதாவது என்சைமை, பிடிப்பது.

எங்கள் உடற்கலம் ஒவ்வொன்றையும் சுற்றியிருக்கும் சவ்வு பெரும்பாலும் கொழுப்பு. அதில் சில கொழுப்பு மூலக்கூறுகள் வால் உள்ளே புதைந்திருக்க, தலையில் ஒரு சீனிச் சங்கிலியை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிளைக்கோலிப்பிட்டு என்பது இதுதான். அந்தச் சங்கிலியில் சியலிக் அமிலமும் தொங்கினால் அதற்குப் பெயர் கங்கிளியோசைட்டு. மூளையில் இது நிறைய. ஏர்ன்ஸ்ட் கிளெங்க் என்ற ஜேர்மன் விஞ்ஞானி நரம்புக் கலங்களை வைத்து இந்தப் பெயரை இட்டார். சியலிக் அமிலத்துக்குப் பெயர் வந்தது எச்சில் என்பதற்கான கிரேக்கச் சொல்லில் இருந்து, முதலில் பிரித்தெடுத்தது மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சளியிலே. இந்த அமிலத்தைச் சங்கிலியில் இருந்து கத்தரிக்கும் நொதியங்களுக்குச் சியலிடேஸ் என்று பெயர். இன்புளுவென்சாக் காய்ச்சல் வைரசின் தோலிலும் ஒன்று இருக்கிறது, தமிபுளூ மருந்து அடைப்பது அதைத்தான். மனிதரிலும் மிருகங்களிலும் கலத்தின் உள்ளே இருக்கும் சியலிடேஸ்களின் மரபணுக்கள் அதற்குள் கைக்கு வந்துவிட்டன. வெளிச்சவ்வில் இருந்துகொண்டு கங்கிளியோசைட்டை மட்டும் தேடித் தின்னும் ஒன்று இருப்பது தெரியும். ஆனால் ஆளைப் பிடித்தவர் இல்லை.

மூளைதான் வேண்டும். மாட்டு மூளை நல்லது, ஆனால் அந்த வருடம் பங்குனியில்தான் 'மாட் கவ்' நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கலாம் என்று பிரித்தானிய அரசாங்கம் அறிவித்திருந்தது. மாட்டு மூளை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பாதுகாப்பு அதிகாரி எழும்பி நின்றுவிடுவார். ஆகவே பன்றி மூளை. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற அம்மாவிடம் "மூளையில் ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லி வைத்தேன். என்ன மூளை என்று அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தண்ணீரில் மிதக்கும் புரதத்தைப் பிரிப்பது ஒரு வேலை. சவ்வில் ஒட்டியிருப்பதைப் பிரிப்பது வேறு வேலை. மூளையை அரைத்து, சவ்வுத் துண்டுகளைச் சுழற்றி அடியில் படியவைத்து, பிறகு அந்தக் கொழுப்பில் இருந்து நொதியத்தைக் கழற்றவேண்டும். கொழுப்பைக் கழற்ற என்ன வேண்டும்? சவர்க்காரந்தான்! குளிர் அறையின் தட்டில் அவை வரிசையாக இருந்தன. நான் முதலில் எடுத்தது எஸ்டிஎஸ். வீட்டுச் சவர்க்காரத்தைப்போல் அதன் மூலக்கூறின் தலையிலும் எதிர் மின்னேற்றம்; கிணற்றுத் தண்ணீரின் கல்சியம் பிடிப்பது அந்தத் தலையைத்தான். கொழுப்பை நன்றாகக் கரைத்தது, கூடவே புரதத்தின் மடிப்பையும் பிரித்துப்போட்டது, நொதியம் செத்துவிட்டது. இரண்டு கிழமை வீண்.

பிறகுதான் ட்ரைற்றன் எக்ஸ்-100. இதன் தலையில் ஏற்றமே இல்லை. கொழுப்பை மெல்ல விலக்கி, புரதத்தைக் கட்டிப்பிடிக்காமல் தாங்கும். ஒரு மணிநேரம் புவியீர்ப்பின் 1,00,000 மடங்கில் சுழற்றினேன். அடியில் படியாமல் மேல் திரவத்தில் நொதியம் உயிரோடு நின்றது. அந்தத் தட்டில் இன்னொரு சிறு போத்தல் இருந்தது, டிஜிற்றோனின். இங்கே தோட்டங்களில் ஊதாப் பூப் பூக்கும் டிஜிற்றாலிஸ் செடியில் இருந்து எடுப்பது, சப்போனின் எனப்படும் நுரைக்கும் தாவரப் பொருள். அதன் தலை சீனிச் சங்கிலி, ஏற்றம் கிடையாது. போத்தலைக் குலுக்கினேன், நுரைத்தது. நாலு பாகை குளிரில், கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்ற எனக்குப் பனங்களிக் குழாய் ஞாபகம் வந்தது. ஏற்றம் இல்லாத தலையைக் கல்சியம் எப்படிப் பிடிக்கும்? பிடிக்க ஏதும் இல்லாவிட்டால் எப்படித் திரையும்? பனங்களியின் கைப்புக்குக் காரணமான பிளபெலிபெரினும் ஒரு சப்போனின் என்பதையும், அதை இலங்கை ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதியிருப்பதையும் அன்று பின்னேரம் நூலகத்தில் கண்டேன். சேர் கேட்டு அப்போது ஆறேழு வருடம் ஆகியிருந்தது.

நொதியம் கரைந்தாலும் கையில் சிக்கவில்லை. மூளையில் அது இருப்பது மிகச் சிறு அளவு, புரதங்களைப் பிரிக்கும் ஒவ்வொரு தூணில் ஏற்றி இறக்கும்போதும் பாதி போகும். ஒருமுறை ஆழ்குளிர்ப் பெட்டி இரவில் நின்று ஒரு வருட வேலை உருகிப்போனது. புரதத்தின் ஒரு துண்டாவது தூய்மையாக வந்தால் அதன் அமினோ அமில வரிசையை வாசித்து, அதற்குரிய டிஎன்ஏ எழுத்துக்களை ஊகித்து, மரபணுவைத் தேடிப் பிடிக்கலாம். ஊகம் என்றுதான் சொல்லவேண்டும். திரிப்ரோபனுக்கு எழுத்துக்கூட்டல் ஒன்றுதான், லூசினுக்கோ ஆறு. எனக்கு வந்த துண்டில் லூசின் மூன்று. என் ராசி அப்படி.

1999 மாசி மாதம். என் மேற்பார்வையாளர் ஒரு சஞ்சிகைப் பிரதியோடு வந்து, ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்தார். யப்பானில் தயேகோ மியாகியும் கூட்டாளிகளும் மாட்டு மூளையில் இருந்து அதைப் பிடித்துவிட்டார்கள். 428 அமினோ அமிலங்கள். சியலிடேஸ் குடும்பத்துக்குரிய அடையாள வரிசைகள் எல்லாம் அச்சாக இருந்தன. குரங்குச் சிறுநீரகத்தில் இருந்து வளர்த்த கொஸ்-7 கலங்களுக்குள் மரபணுவைப் போட்டு, அந்தக் கலங்களின் சவ்வில் கங்கிளியோசைட்டை வெட்டும் வேலை நடப்பதையும் காட்டியிருந்தார்கள். அதே வருடமே மனித மரபணுவும் வந்தது. பிறகு இத்தாலியில் ஒரு குழு, மூளை கீளை எதையும் அரைக்காமல் கணினித் தரவில் தேடியே அதே மரபணுவைக் கண்டுகொண்டது. அதுதான் எனக்குக் கூடச் சுட்டது. அந்த மரபணுவுக்கும் நொதியத்துக்கும் நியூ3 என்ற பெயர் நிலைத்தது, மனிதரில் அதன் இடம் 11ஆம் நிறமூர்த்தம்.

இரண்டு நாள் ஆய்வுகூடப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். மரபணு அவர்களுடையது, ஆனால் அந்த நொதியம் எதை வெட்டும், எதை விடும் என்பதில் இன்னும் பார்க்க இருந்தது. மெல்லிய சிலிக்காத் தட்டில் கங்கிளியோசைட்டுகளை ஓடவிட்டு ரிசோர்சினோல் தெளித்துச் சூடாக்கினால் சியலிக் அமிலம் உள்ள இடம் ஊதாவாக எழும்பும். நொதியம் பட்டதும், ஜிஎம்3 என்ற கங்கிளியோசைட்டு இருந்த இடத்தில் ஊதா மறைந்தது, அமிலம் போனால் நிறமும் போகும்தானே. இரண்டு சியலிக் அமிலம் உள்ள ஜிடி1ஏ வரி மெலிந்து, ஒன்று மட்டும் உள்ள ஜிஎம்1 வரி தடித்தது, ஆனால் ஜிஎம்1இல் வேலை நின்றுவிட்டது. அதன் சியலிக் அமிலம் சங்கிலியின் உள்முடுக்கில் ஒதுங்கி நிற்பது, கத்தரி அங்கே எட்டாது. இதை வைத்து ஆய்வேட்டை ஒருமாதிரி ஒப்பேற்றினேன்.

பிறகு வந்த செய்திகளை நான் ஓரத்தில் நின்றுதான் பார்த்தேன். 2002இல் மியாகியின் குழு, குடற்புற்றுநோய்க் கட்டிகளில் இந்த நொதியம் கூடுதலாக இருப்பதாகவும், அது கலங்களைச் சாகவிடாமல் தடுப்பதாகவும் எழுதியது. 2004இல் வந்த ஒன்று எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஒரு கலத்தில் இருக்கும் நியூ3, பக்கத்துக் கலத்தின் கங்கிளியோசைட்டையும் வெட்டுகிறதாம். எல்லைவேலிக்கு மேலால் கையை விட்டு அடுத்த வளவுப் பூவரசங்கொப்பை வெட்டுவது. ஊரில் இதற்குத்தான் மூன்று தலைமுறை கோட்டுக்குப் போகும்.

அதற்கு முந்தின வருடம், போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்திருந்த காலம், ஊருக்குப் போனேன். சேர் ஓய்வு பெற்றிருந்தார். கண் கொஞ்சம் மங்கல், குரல் அதேதான். திண்ணையில் இருந்து முழுக்கதையும் சொன்னேன்: எஸ்டிஎஸ், ட்ரைற்றன், டிஜிற்றோனின், ஏற்றமில்லாத தலை. பனங்களி ஏன் திரையவில்லை என்பதற்கு இதுதான் விடை என்று, பரீட்சை எழுதி முடித்த பெடியனைப்போல் நிமிர்ந்து இருந்தேன்.

அவர் தலையாட்டினார். "அப்ப அந்த ட்ரைற்றன் எங்கடை கிணத்துத் தண்ணியிலை நுரைக்கும் எண்டுறீர்."

"ஓம் சேர். நுரைக்கவேணும்."

"குலுக்கிப் பாத்தனீரோ?"

"இல்லை, சேர்" என்றேன். உள்ளே இருந்து தேத்தண்ணி வந்தது.