28-ஆம் இடமும் ஐஸ் ஹவுஸும்

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஐந்தே முக்காலுக்கு முதலில் கேட்பது அலைச் சத்தம். அடுத்தது துடைப்பச் சத்தம். ராத்திரி முழுக்கக் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலை, ஸ்கேட்டிங் தளத்திலிருந்து பிள்ளைகளே பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பொடி மணல் பேரிங்குக்குள் போனால் வீல் முனக ஆரம்பித்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்ட வேண்டும். "ஒரு வேளை சோம்பேறித்தனப்பட்டா ஒரு ஞாயித்துக்கெழம போச்சு மாமா" என்றாள் அக்கா மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. காலில் நான்கு நான்கு வீல்களாக எட்டு.

காலாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வாடி என்று கூப்பிட்டதற்கு, "பிராக்டிஸ் இருக்கு, நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னதாகத் திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து நானே வந்துவிட்டேன். இது 2025 செப்டம்பர் கடைசி. அந்த மாத நடுவில்தான் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வாங்கியிருந்தார். ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. தளத்தில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஏழு வயசுப் பொடியன் ஒருவன்கூட வளைவில் திரும்பும்போது இடது கையை முதுகில் மடித்துக்கொண்டு, "ஆனந்த் அண்ணா மாதிரி" என்று கத்தினான்.

நான் வந்த விஷயம் வேறு. எனக்கு வீலைவிடப் பனி மேல்தான் கிறுக்கு, அதுவும் 27 வருஷக் கிறுக்கு. 1998-ல் நான் பதினோராம் வகுப்பு. திருச்சியில் ஒரு கிளை நூலகத்தில் நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டது. ஜப்பானின் நாகானோவில் நடக்கும் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போனவர் ஒரே ஒருவர், சிவா கேசவன். வயது 16. போட்டி லூஜ். அவருக்கு 28-ஆவது இடம். லூஜ் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை, உடற்பயிற்சி ஆசிரியருக்கும் தெரியவில்லை. ஆனால் என் வயசுப் பையன் ஒருவன் தனியாகக் கொடி பிடித்துக்கொண்டு போயிருக்கிறான் என்பது நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து நாலு வருஷத்துக்கு ஒருமுறை குளிர்கால ஒலிம்பிக் வந்தால் ஒரு நோட்டில் நம் ஆட்களின் இடத்தை எழுதி வைக்கிறேன். இந்தப் பயணத்துக்கும் அந்த நோட்டைக் கொண்டுவந்திருந்தேன்.

இட்லி சாப்பிட்ட கையோடு மாமாவும் மருமகளுமாகக் கிளம்பினோம். சென்னைக்குள்ளேயே பனியைத் தேடிப் போவது திட்டம். முதலில் மெரினா பக்கம் ஐஸ் ஹவுஸ், பிறகு ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கத்தின் செயற்கைப் பனி அரங்கம். அக்கா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு ஒரு ஸ்வெட்டரையும் பையில் திணித்தாள்.

ஆட்டோ சாந்தோம் தாண்டி காமராஜர் சாலையில் திரும்பியதும் அந்தக் கட்டடம் தெரிந்தது. கடலைப் பார்த்து வளைந்த முகப்பு. விவேகானந்தர் இல்லம் என்று பலகை இருந்தாலும் சுற்றியிருக்கும் பகுதிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். 1842-ல் இதைக் கட்டியது பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறையும். ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி அந்தப் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றி இங்கே அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நாலு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை என மூன்று ஊரிலும் இப்படிப் பனிக்கிடங்கு இருந்தது. இன்று மிஞ்சி நிற்பது நம்முடையது மட்டும்தான். இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் கைக்கு வந்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது அவர் காலத்தில்தான்.

உள்ளே சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "இவ்ளோ கஷ்டப்பட்டு ஐஸைக் கொண்டு வந்தாங்களே, அதுமேல யாராவது ஸ்கேட் பண்ணாங்களா மாமா?"

"இல்லடா. சர்பத்துல போட்டுக் குடிச்சாங்க."

எதிரே மணலில் இறங்கி நிழல் பார்த்து உட்கார்ந்தோம். சுண்டல்காரப் பையனிடம் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் நான் நோட்டு போட ஆரம்பிப்பதற்கு முந்தைய கணக்கு. 1964-ல் இன்ஸ்ப்ரக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி பனிச்சறுக்கில் இறங்கினார், இந்தியா கலந்துகொண்ட முதல் குளிர்கால ஒலிம்பிக் அது. 1988-ல் கால்கரியில் சைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக் போன முதல் இந்தியப் பெண். கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பனிச்சறுக்கும் ஸ்லாலமில் அவருக்கும் 28-ஆவது இடம். சரியாகப் பத்து வருஷம் கழித்து கேசவனுக்கும் அதே எண் வந்தது என்பதால் இரண்டையும் ஒரே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

பிறகு வரிசையாகக் கேசவன்தான். 2002-ல் 33, 2006-ல் 25, 2010-ல் 29, 2014-ல் 37, 2018-ல் 34. ஆறு ஒலிம்பிக்.

"ஏறி எறங்கி ஏறி எறங்கி இருக்கே" என்று விரலை ஓட்டிக்கொண்டு போனவள் 25-ல் நிறுத்தினாள். "இது நல்லா இருக்கு. இது எங்க?"

"டூரின். இத்தாலி."

அவளிடம் லூஜை விளக்கினேன். சின்னச் சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்து, கால் முன்னே நீட்டி, பனிக்கட்டிப் பள்ளத்தில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பிரேக் கிடையாது. கெண்டைக்கால் அழுத்தத்திலும் தோள் அசைவிலும்தான் திருப்ப வேண்டும். இதற்கான பனிப்பாதை இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. மணாலி பக்கம் வசிஷ்ட் கிராமத்தில் வளர்ந்த கேசவன் என்ன செய்தார் தெரியுமா? வண்டிக்கு அடியில் சக்கரம் மாட்டி, லாரியும் ஆட்டு மந்தையும் போகும் மலைச்சாலையில் படுத்துக்கொண்டு இறங்கினார். அந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டுதான் 2011-ல் நாகானோவில் நடந்த ஆசியப் போட்டியில் ஜப்பான்காரர்களை அவர்கள் பாதையிலேயே தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்.

அக்கா மகள் சுண்டலை விட்டுவிட்டாள். "வீல்ல பிராக்டிஸ் பண்ணி ஐஸ்ல ஜெயிச்சாரா?"

"ஆமா."

"அப்போ எரின் ஜாக்சன் மாதிரி."

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. சொன்னாள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஒகாலா ஊர்க்காரர், இன்லைன் ஸ்கேட்டர், அதாவது ஒரே வரிசையில் வீல் வைத்த ஸ்கேட்ஸில் ஓடுபவர். அந்த ஊரும் நம்ம ஊர் மாதிரி வெயில் ஊர். ஐஸுக்கு மாறிய கொஞ்ச நாளிலேயே 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று 500 மீட்டரில் 24-ஆவது வந்தார். 2022-ல் தகுதிப் போட்டியில் கால் இடறி மூன்றாவதாகிவிட, அதே ஒகாலாவைச் சேர்ந்த பிரிட்டனி போ தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். பெய்ஜிங் போய்த் தங்கம் வாங்கினார் ஜாக்சன். "எங்க மாஸ்டர் சொல்லியிருக்காரு மாமா. தள்ளுறது, சாயறது, வளைவுல கால் மாத்திப் போடுறது எல்லாம் ஒண்ணுதானாம். பிளேடோட விளிம்புல நிக்கத் தெரியணும், அதுதான் புதுசாம்."

நோட்டை வாங்கி, கேசவன் பக்கத்து ஓரத்தில் அவளே எழுதினாள்: 24, அம்புக்குறி, 1.

அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பட்டியலை நான் இதுவரை ஓர் அஞ்சலி மாதிரியேதான் வைத்திருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் அதை டைம் டேபிள் மாதிரி படிக்கிறாள்.

மிச்சப் பக்கங்களையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தோம். 2014 சோச்சியில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் மேல் தடை இருந்ததால் நம் ஆட்கள் தேசியக் கொடி இல்லாமல் அணிவகுத்தார்கள். போட்டி நடக்கும்போதே தடை நீங்கி, நிறைவு விழாவில் கொடி வந்தது. அந்த வரிக்கு எதிரே 'அப்பாடா' என்று எழுதியிருக்கிறேன். 2022 பெய்ஜிங்கில் காஷ்மீர் குல்மார்க்கின் ஆரிஃப் கான் ஒருவர்தான். ஜயண்ட் ஸ்லாலமில் 45-ஆவது. கொட்டும் பனியில் நடந்த அந்தப் போட்டியில் இறங்கியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இரண்டு சுற்றையும் முடிக்கவில்லை, இவர் முடித்தார். 45 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர்களிடம் இதை நான் சண்டை போட்டாவது சொல்வேன்.

இந்த 2025 கணக்குத்தான் கனமாக இருக்கிறது. பிப்ரவரியில் சீனாவின் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுக்கு 59 பேர் போனார்கள். பதக்கம் இல்லை. பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தாரா பிரசாத் எட்டாவது வந்தார். ஜூனில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கியில் இந்திய அணிக்கு வெண்கலம். பெரும்பாலும் லடாக் பெண்கள், குளிர்காலத்தில் உறையும் குளங்களில் ஆடி வளர்ந்தவர்கள். 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றதுதான் அவர்களின் முதல் சர்வதேச வெற்றி. எட்டு வருஷத்தில் பதக்கம்.

மார்ச்சில் டூரினில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலகக் குளிர்கால விளையாட்டு. இந்திய அணிக்கு 8 தங்கம், 18 வெள்ளி, 7 வெண்கலம், மொத்தம் 33. கேசவன் 25-ஆவது வந்த அதே டூரின். பத்து நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது, அதில் எனக்கு இன்னும் வெட்கம். முப்பத்து மூன்று பதக்கம் வாங்கிக்கொண்டு வந்தவர்களை மாலையோடு நின்று வரவேற்றிருக்க வேண்டாமா?

ஈஞ்சம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வி.ஜி.பி.யின் பனி அரங்கத்தில் தடித்த கோட்டும் கையுறையும் பூட்ஸும் கொடுத்தார்கள். அக்காவின் ஸ்வெட்டர் பையிலேயே கிடந்தது. கதவைத் திறந்ததும் மூக்கு நுனிதான் முதலில் மரத்தது. வெளியே விட்ட மூச்சு வெள்ளையாக எழும்ப, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "ஐயோ, மார்கழி மாசத்துக் காவேரி மாதிரி இருக்கே" என்றார். எந்த ஊரம்மா என்று கேட்டேன். கும்பகோணமாம்.

எல்லோரும் பனியை வாரி வீசி விளையாட, இவள் மட்டும் ஓர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். பனியைக் கிள்ளினாள், பிசைந்தாள், கட்டை விரலால் தேய்த்தாள். இறுக்கிப் பிடித்த உருண்டை உள்ளங்கையில் வழுக்கியதும் என்னைப் பார்த்தாள். "தூளா இருக்கும்போது பிடிக்குது, இறுகினா வழுக்குது. அப்போ பிளேடு எப்படி மாமா பிடிக்கும்?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிளேடு மெல்லியது, முழு உடம்பின் எடையும் அந்த ஒரு கோட்டில் இறங்குகிறது, சாய்ந்தால் விளிம்பு பனியில் பதிகிறது. தலையாட்டினாளே தவிர முகம் சமாதானமாகவில்லை. நின்று பார்த்தால்தான் தெரியும் என்ற முகம்.

பிறகு ரப்பர் டியூபில் உட்கார்ந்து வழுக்கும் சரிவுக்குப் போனோம். மேலே ஏறியவள் உட்காரவில்லை. மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் சேர்த்து நீட்டினாள். அங்கிருந்த தம்பி, "பாப்பா, எழுந்து உக்காரும்மா" என்று அதட்டினார். அவர் சொன்னது நியாயம், உட்கார்ந்துதான் வந்தாள். ஆனால் கீழே வந்து சேரும்வரை கால் இரண்டும் சேர்ந்தே இருந்தன. 16 வயதில் நாகானோவில் ஒருவர் இப்படித்தான் கால் நீட்டிப் படுத்திருப்பார் என்று நினைத்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கண்ணாடியில் பனிப்புகை படிந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆயுத பூஜை. கூடத்தில் அத்தானின் லேப்டாப், அக்காவின் தையல் மிஷின், பாடப் புத்தகங்கள், நடுவில் ஒரு ஜோடி ஸ்கேட்ஸ். வீல் எட்டையும் கழற்றிக் கழுவி மாட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்திருந்தாள். கேட்காமலே என் நோட்டையும் எடுத்துப் புத்தக அடுக்கின் மேல் வைத்துவிட்டாள்.

பொரி சாப்பிடும்போது அத்தான் போனை நோண்டிக்கொண்டிருந்தார். டேராடூனில் ஹிமாத்ரி என்று ஒரு ஐஸ் ரிங்க் இருக்கிறது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டியது, வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தது, இந்த ஆகஸ்டில் ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் (சின்ன வளையப் பாதையில் நடக்கும் ஐஸ் ஸ்கேட்டிங் பந்தயம்) போட்டியே நடந்திருக்கிறது. அதை மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தவளும் இவள்தான்.

"சென்ட்ரல்ல ராத்திரி பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்" என்றார் அத்தான். "ரெண்டு ராத்திரி, டெல்லி. அங்கேருந்து இன்னொரு வண்டி. அரையாண்டு லீவுக்கு அறுபது நாளைக்கு முன்னாடி புக்கிங் திறக்கும். மாப்ள, நீங்களும் வர்றீங்கள்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா கேட்டாள்: "அங்க டிசம்பர்ல ஒரு ஸ்வெட்டர் போதுமா, ரெண்டு வேணுமா?"