மாணவரின் கணினியும் மாதந்தோறும் தீரும் டேட்டாவும்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் எனக்கென்று ஒரு கணினி இருக்கவில்லை. கட்டுரைகளைக் கைப்பேசியில் தட்டச்சு செய்து, துறையின் கணினிக் கூடத்தில் இடம் கிடைத்தபோது வடிவமைத்துச் சமர்ப்பித்தேன். கூடத்தை மாலையில் பூட்டிவிடுவார்கள். சமர்ப்பிப்பதற்கான கெடுவோ நள்ளிரவு வரை இருக்கும். மதிப்பெண் குறைந்ததைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிரல் எழுதும் பாடத்தில், தவறு செய்து, அதைத் திருத்தி, மறுபடியும் ஓட்டிப் பார்க்கும் நேரம் எனக்கு வாய்க்காமல் போனதுதான் இன்றும் வருத்தமளிக்கிறது.

இரண்டாம் ஆண்டில் வாங்கியது, ஏதோ ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்துக் கழிக்கப்பட்ட மடிக்கணினி. அத்தகைய அலுவலக வகை மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் எனும் தற்காலிக நினைவகத்தையும் எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகத்தையும் நாமே மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், அதே விலைக்குக் கிடைக்கும் மலிவான புதிய கணினியைவிட அவையே மாணவருக்கு ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, ரேமை 8 ஜிபியாக உயர்த்தியதும், நிமிடக்கணக்கில் திறந்துகொண்டிருந்த கணினி சில நொடிகளில் தயாரானது. பேட்டரி மட்டும் தேய்ந்தே வரும். அதன் மாற்றுச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புக் கூறு முதலிய தேவைகள் உள்ளதால் பழைய கணினிகள் பலவற்றை அது ஏற்பதில்லை. நான் விண்டோஸுக்கு மாற்றாக லினக்ஸ் இயங்குதளத்தையும், கட்டுரை எழுத லிப்ரே ஆபீஸ் மென்பொருளையும் நிறுவிக்கொண்டேன். இரண்டுக்கும் பணம் தேவைப்படவில்லை. ஆனால் இணையவழித் தேர்வுகளுக்கான கண்காணிப்பு மென்பொருள்களில் சில லினக்ஸில் இயங்காதவை. ஆகவே துறையில் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்வது அவசியம்.

கணினிக்கு ஒருமுறை கடன்பட்டால் போதும். டேட்டாவுக்கோ மாதந்தோறும் பணம் தேட வேண்டியிருக்கிறது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் காணொளி வகுப்பு ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 450 எம்பியை விழுங்கிவிடும். அதே விரிவுரை நொடிக்கு 64 கிலோபிட் ஒலியாக மட்டும் வந்தால் 29 எம்பிக்குள் அடங்கிவிடும். இக்கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, பெரிய கோப்புகள், மென்பொருள் புதுப்பிப்புகள், வாசிக்க வேண்டிய பிடிஎஃப்கள் அனைத்தையும் வளாக வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு, வீட்டில் ஹாட்ஸ்பாட்டை மின்னஞ்சலுக்கும் சமர்ப்பிப்புக்கும் மட்டும் திறந்தேன். எடுரோம் எனும், கல்வி நிறுவனங்களின் கூட்டு வைஃபை சேவை உள்ள பல்கலைக்கழக மாணவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: தம் பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டே, அதில் இணைந்துள்ள வேறு கல்வி நிறுவனங்களின் வைஃபையையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் செயலிவழி ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையமே இல்லாமல் வாசிக்கலாம்.

இத்தனை சிக்கனமும் மாணவர் தலையிலேயே விழுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். சமர்ப்பிப்பை இணையத்தில் கட்டாயமாக்கும் துறை, கூடத்தைக் கெடு முடியும்வரை திறந்து வைக்கவும், மடிக்கணினிகளை இரவல் தரவும் கடமைப்பட்டது. மூன்றாம் ஆண்டில், மேற்சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். மறுவாரத்திலிருந்து அவர் ஒவ்வொரு காணொளியோடும் ஒலிக்கோப்பைத் தனியே ஏற்றத் தொடங்கினார்.