புள்ளிகளால் கட்டிய பில்

பெட்ரோல் பங்க்கின் பெயர் பொறித்த கிரெடிட் கார்டு கைக்கு வந்த நாள்முதல், வண்டியின் டேங்க் எப்போது காலியாகும் என்று ஆவலோடு காத்திருக்கும் மனிதனாக நான் மாறிவிட்டேன். நிரப்பும் ஒவ்வொரு லிட்டருக்கும் வெகுமதிப் புள்ளிகள் உண்டு. ஆனால் அந்த நிறுவனத்தின் பங்க்கில் நிரப்பினால்தான் உண்டு. ஆகவே வழியிலிருந்த இரண்டு பங்க்குகளை ஏறெடுத்தும் பாராமல் மூன்றாவதுக்குச் சென்றுகொண்டிருந்தேன். அதற்காக வீணாக எரியும் பெட்ரோலை மனைவி ஒருநாள் கணக்கிட்டுக் காட்டியபோது, அந்தப் பெட்ரோலுக்கும் சேர்த்துத்தானே புள்ளி கிடைக்கிறது என்று நான் சொன்ன பதிலை அவள் இன்னும் மறக்கவில்லை.

14 மாதச் சேமிப்புக்குப் பிறகு, ஒரு மாதப் பில்லில் முக்கால் பங்கை அடைக்கும் அளவுக்குப் புள்ளிகள் சேர்ந்திருந்தன. செயலியில் ஒரு பொத்தானை அழுத்தியதும் அத்தனையும் பில்லில் கழிந்தன. கெடு தேதிக்குள் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகையாக அவர்கள் கேட்டதோ வெறும் 5 சதவீதம். 5 கேட்டவர்களுக்கு 75 கொடுத்துவிட்ட பெருமிதத்தில், மீதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்தக் குறைந்தபட்சத் தொகை திரையில் கொஞ்சமும் குறையாமல் அப்படியே நின்றதைக் கவனிக்கத்தான் செய்தேன். செயலி மெதுவாக வேலை செய்கிறது என்று அதன்மேல் இரக்கம்கூட வந்தது.

அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் வந்திருந்தது. கூடவே வட்டியும். தாமதக் கட்டணம் மட்டுமே ஏறக்குறைய அரை டேங்க் பெட்ரோலுக்குச் சமம். கொதித்துப்போய் வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்து, 22 நிமிடம் இசை கேட்டபின் ஒரு பெண் குரல் கிடைத்தது.

“சார், புள்ளிகளைக் கழித்தது உங்கள் கணக்கில் வரவுதான். ஆனால் அது நீங்கள் கட்டிய பணம் ஆகாது. கெடு தேதிக்குள் உங்களிடமிருந்து எந்தப் பணமும் வரவில்லை.”

புள்ளி தந்தது பங்க், கடன் தந்தது வங்கி என்று அவர் பொறுமையாக விளக்கினார். கார்டில் பங்க்கின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது புதுச் செய்தி. கார்டு எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். ஐஎஸ்ஓ 7812 தரநிலையின்படி 7 என்ற இலக்கம் பெட்ரோலியத் துறைக்கும், 4, 5 ஆகியவை வங்கி, நிதித் துறைக்கும் உரியவை. என்னுடையது 5-இல் தொடங்கியது. பங்க்கின் சட்டையைப் போட்டுக்கொண்டு 14 மாதமாக என் பர்ஸில் ஒரு வங்கி உட்கார்ந்திருந்திருக்கிறது.

பில் முழுவதையும் கட்டாததால் வட்டியில்லாக் காலமும் போயிற்று என்று அவர் சேர்த்துச் சொன்னார். அதாவது, இடையில் நான் நிரப்பிய பெட்ரோலுக்கெல்லாம், அது டேங்கில் விழுந்த நாளிலிருந்தே வட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தவறு என்பதால் தாமதக் கட்டணத்தை ரத்து செய்தார். வட்டி அப்படியே நின்றது.

அழைப்பை முடிக்கும் முன், பில் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும் வசதியைப் பதிவு செய்தால் 200 புள்ளிகள் கிடைக்கும் என்றார். புள்ளி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கோபத்தில் இருக்கிறேன் என்பதே மறந்து, உடனே பதிவு செய்துவிட்டேன்.

“அது அடுத்த பில்லிலிருந்துதான் நடைமுறைக்கு வரும் சார். இந்த மாதத்துக்கு மட்டும் நீங்களே கட்டிவிடுங்கள்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தன் கைபேசியைத் திறந்து, “நம்பரைச் சொல்லுங்க” என்றாள். 5-இல் தொடங்கி ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன்.