இறக்கத்திற்கும் சேர்த்து ஓர் ஆயத்தம்: வெள்ளியங்கிரி ஏறப் போகிறவர்களுக்கு

மாசி பிறந்துவிட்டால் வெள்ளியங்கிரிக்கு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்று நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கலாம், ஏழாவது மலையில் குளிர் எப்படி இருக்கும், பொழுது விடிவதற்குள் உச்சியை அடைந்துவிட முடியுமா என்று ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். இறங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரையில் முட்டி மடங்காமல் படியில் உட்கார்ந்துவிடுபவர்கள், தண்ணீர் தீர்ந்துபோய் அடுத்தவர் பாட்டிலைப் பார்ப்பவர்கள், கால் பிசகிப் பிறர் தோளில் சாய்ந்து வருபவர்கள் ஆகியோரில் பெரும்பாலோர் உச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தாம். ஆகவே இறக்கத்தை முதலில் மனத்தில் வைத்து, அதற்கேற்றபடி ஏற்றத்தைத் திட்டமிடுவதே சரி என்பது என் கருத்து.

முதலில் மலையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூருக்கு மேற்கே, போளுவாம்பட்டி வனச்சரகத்துக்குள் இருக்கும் பூண்டி கோயிலிலிருந்து பாதை தொடங்குகிறது. ஒரு வழித் தொலைவு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 1,200 மீட்டர். ஏழு மலை என்று சொன்னாலும் ஏழும் ஒரே தன்மையுடையவை அல்ல. வெள்ளை விநாயகர் கோயில் வரையிலான முதல் மலை செங்குத்தான கற்படிகளால் ஆனது. படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. நான்காவது, ஐந்தாவது மலைகளில் பாதை ஓரளவு இளகிக் கொடுக்கும். ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கி, அங்கிருந்து ஏழாவது மலையில் மீண்டும் ஏற வேண்டும். திரும்பும்போது இதுவே தலைகீழாகிறது: உச்சியிலிருந்து இறங்கியவுடன் ஓர் ஏற்றம் காத்திருக்கும்; உடம்பு முழுவதும் ஓய்ந்துபோன கடைசி நேரத்தில் முதல் மலையின் படிகள் வந்து சேரும். ஏறும்போது மூச்சு வாங்க வைத்த அதே படிகள் இறங்கும்போது முட்டியைப் பதம் பார்க்கும்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கிட ஒரு பழைய வழி உண்டு. ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892ஆம் ஆண்டில் வகுத்த கணக்கு அது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நம் அளவில் சொன்னால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. இதன்படி வெள்ளியங்கிரி ஏற மூன்றே கால் மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கணக்கு மலையிலேயே பழகிய, எங்கும் நிற்காத ஒருவருக்கானது. அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வருகிற நமக்கு அதை ஒன்றரை மடங்காகவோ இரண்டு மடங்காகவோ ஆக்கிக்கொள்வது நல்லது. கூட்டம் மிகுந்த சிவராத்திரி, சித்திரா பௌர்ணமி நாள்களில் அதற்கும் மேலே ஆகும், ஏனென்றால் படியில் முன்னே செல்பவரின் வேகமே உங்கள் வேகம். இறங்க ஏறியதில் பாதி நேரம் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. முட்டி ஒத்துழைக்காதவர்களுக்கு ஏறிய அளவு நேரம் இறங்கவும் தேவைப்படும்.

பலரும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் ஏறத் தொடங்கி, விடியலில் உச்சியை அடைந்து, வெயில் ஏற ஏற இறங்குகிறார்கள். ஏறும் வேலை குளிர்ந்த இருட்டில் முடிந்துவிடுவதால் அது சுலபமாகத் தோன்றுகிறது. ஆனால் தூங்காத கண்களோடு, காலி பாட்டிலோடு, கால்கள் தளர்ந்திருக்கும் வேளையில் பங்குனி, சித்திரை வெயிலில் இறங்க வேண்டியிருக்கிறது. மேல் மலைகளின் புல்வெளியில் ஒதுங்க நிழல் கிடையாது. இரவில்தான் ஏறுவது என்று முடிவு செய்தால் அன்று பகலில் சில மணி நேரமாவது தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். காலை முழுக்க வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஈரோட்டிலிருந்தோ சேலத்திலிருந்தோ வண்டி ஓட்டி வந்து, இறங்கிய கையோடு மலையேறுவது வீரமாகத் தோன்றலாம். உடம்பு அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. இரவுப் பயணத்துக்கான அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உடற்பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலானோர் பாதியை மட்டும் செய்கிறார்கள். ஒரு மாதம் தினமும் நடைப்பயிற்சி செய்தேன், ஆனாலும் தொடை இப்படிப் பிடித்துக்கொண்டதே என்பார்கள். சமதளத்தில் நடப்பது மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்ல பயிற்சி. இறக்கத்துக்கு அது போதாது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடித்து, வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இவ்வாறு நீளும் நிலையில் சுமை தாங்குவது தசை நார்களில் நுண்ணிய சேதத்தை உண்டாக்குவதால், வலி உடனே தெரியாமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகிறது. நல்ல செய்தி என்னவென்றால், இத்தகைய வேலையை ஒருமுறை அளவோடு செய்துவிட்டால் அடுத்த சில வாரங்களுக்குத் தசை அதற்குப் பழகிக்கொள்கிறது. ஆகவே மலைக்குப் போவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கத் தொடங்குங்கள். ஏறுவதற்கு மின்தூக்கியைப் பயன்படுத்தினாலும் இறங்குவதற்குப் படியையே பயன்படுத்துங்கள். மருதமலைக்கு அருகில் இருப்பவர்கள் அந்தப் படிகளையே பயிற்சிக்களமாக வைத்துக்கொள்ளலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதயத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு பருவத்திலும் வெள்ளியங்கிரியில் மூச்சுத்திணறியோ நெஞ்சுவலி வந்தோ உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் வருகின்றன. மேலே ஆக்சிஜன் குறைவு என்பதே இதற்குக் காரணம் என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். இந்த மலை அதைவிட மிகத் தாழ்வானது. பழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று மணிக்கணக்காக வருத்துவதும், தமக்கே தெரியாமல் இருக்கும் இதயநோயும், தூக்கமின்மையும், நீரிழப்பும் சேரும்போதுதான் ஆபத்து வருகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள் ஆகியோர் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஏறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதே முறை. வேகத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை: "தென்னாடுடைய சிவனே போற்றி" என்பதை இடையில் மூச்சு வாங்காமல் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் உங்கள் வேகம் கூடுதல். நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ அழுத்தம், குளிர்ந்த வியர்வை, வழக்கத்துக்கு மாறான களைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்கார்ந்து உடனிருப்பவர்களிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் பார்த்துக்கொண்டு ஏறலாம் என்ற பேச்சே கூடாது. மேல் மலையிலிருந்து ஒருவரை டோலியில் தூக்கி வரப் பல மணி நேரம் ஆகும். கீழே 108 வண்டி நிற்பது அதன் பிறகுதான் உதவும்.

தண்ணீருக்கு மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வெயிலில் அதற்கு மேலும் தேவைப்படும். வழியில் சுனைகள் உண்டு, ஆனால் கோடையில் அவற்றின் நீரோட்டம் மெலிந்துவிடும். கூட்டம் கை வைத்த நீரை அப்படியே குடிப்பதும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. கொண்டுபோனதில் பாதி உச்சியிலிருந்து திரும்பும்போது பையில் இருக்க வேண்டும் என்ற விதியை நான் விடுவதில்லை. மணிக்கணக்காக வியர்த்த பிறகு வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்துவிடும். தலைவலியும் குமட்டலும் வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலங்கள் இரண்டு போதும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கலந்துகொள்ளலாம். உணவு விஷயத்தில் நம் வீட்டுக் கட்டுச்சோற்றை மிஞ்ச எதுவும் இல்லை: புளிசோறு கெடாது, கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் நடந்துகொண்டே சாப்பிட உகந்தவை. இவற்றை நெகிழிப் பைகளில் கட்டாதீர்கள். அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதிப்பார்கள், அது நியாயமும்கூட.

காலணியைப் பற்றி ஒரே ஒரு செய்தி. கடையில் நின்று பார்க்கும்போது சரியாகத் தோன்றும் ஷூ, இறக்கத்தில் விரல் நுனியை இடிக்கத் தொடங்கிவிடும். நகம் கறுத்துப்போவது இதனால்தான். விரலுக்கு முன்னே கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள், நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், இறங்கத் தொடங்கும் முன் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். புதுச் செருப்பு, புது ஷூ இரண்டும் வேண்டாம். வெறுங்காலோடு ஏறுவேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் சூடேறிய கல்லை நினைத்து, வெயிலுக்கு முன்பே முதல் மலையைக் கடந்து கீழே வந்துவிடும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளலாம்.

பூண்டியில் விற்கும் மூங்கில் தடியை ஏறுவதற்கு என்று நினைத்து வாங்கி, இறங்கும்போது சுமையாக எண்ணிக் கைமாற்றிவிடுபவர்களைப் பார்க்கிறேன். தடியின் முழுப் பயன் இறக்கத்தில்தான்: காலுக்கு முன் அடுத்த படியில் அதை ஊன்றினால் முட்டிக்கு வரும் சுமையில் ஒரு பங்கைத் தோள் வாங்கிக்கொள்ளும்.

உச்சியில் காற்று ஓயாது. நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல் என்ற கணக்கில் அடிவாரத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாகவே இருக்கும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு நின்றால் அது இன்னும் குளிராகத் தெரியும். மாற்றுச் சட்டை ஒன்று, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை ஒன்று போதும். இருட்டுக்கு நெற்றியில் கட்டும் விளக்கே சிறந்தது, ஏனென்றால் தடியும் கைப்பிடியும் கேட்கும் இடத்தில் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கைபேசியின் மின்சாரம் திரும்பும் வழியில் ஓர் அழைப்புக்குத் தேவைப்படலாம். மலையின் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால் சட்டைப்பையில் ஒரு விசில் வைத்துக்கொள்வது என் வழக்கம். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுவது மலையேறிகள் அறிந்த அபாயக் குறி.

சித்திரையில் கோடை மழை பிற்பகலில்தான் பெரும்பாலும் இடியோடு இறங்கும். புல்வெளி முகட்டில் நிற்கும் மனிதனே அங்கு உயரமான பொருள். இடி கேட்டால் முகட்டை விட்டுத் தாழ்வான இடத்துக்கு வந்துவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழியும் வரை மறுபடி ஏறக்கூடாது. நனைந்த பாறையில் இறங்குவது எப்படி என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. இந்த மலைப் பாதையில் உள்ள ஒரு பாறைப் பகுதிக்கு வழுக்குப்பாறை என்று பெயர் வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

தீயைப் பற்றிப் பேசாமல் கோடைக்கால மலைப்பயணத்தைப் பற்றி எழுதக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களும் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள்தாம். காய்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாகப் பரவும். ஆகவே புகையைக் கண்டால் புல்லுக்குள் மேலே ஓடாமல், புல் இல்லாத பாறைப் பரப்பையோ ஏற்கெனவே எரிந்து தணிந்த இடத்தையோ தேட வேண்டும். அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளில் முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் கூடிய அரசுத் திட்டமும் தொடங்கப்பட்டது. அனுமதி இல்லாத பாதையில் கூட்டிப் போகிறேன் என்று சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அவரோடு போகாதீர்கள். நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது என்பதால் தேடி வரவும் ஆள் இருக்காது. வெள்ளியங்கிரியிலும் யானைகள் நடமாடும் காடு பாதைக்கு மிக அருகில் இருக்கிறது. குறுக்கு வழி என்று யாராவது காட்டினால் மறுத்துவிடுங்கள்.

பட்டியலில் எவரும் எழுதாத ஒன்று, திரும்பும் நேரம். வீட்டிலேயே உட்கார்ந்து, நிதானமான மனநிலையில், இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று குழுவாக முடிவு செய்துகொள்ள வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருப்பதில்லை. எங்களோடு வந்த சித்தப்பா ஒருமுறை ஐந்தாவது மலையிலேயே, "எனக்கு இன்னைக்கு இவ்வளவுதான், நான் இறங்குறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார். பேசி வைத்திருந்தபடி ஒருவர் அவரோடு இறங்கினார். யாரும் கெஞ்சவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. அவர் அடுத்த ஆண்டு ஏழாவது மலை வரை வந்தார். குழுவில் யார் தளர்ந்தாலும் தனியே அனுப்பக்கூடாது, தனியே விட்டுச் செல்லவும் கூடாது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடம் எத்தனை மணிக்குள் தொலைபேசியில் பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

பூண்டிக்கு வந்து சேர்ந்ததும் பயணம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். இரவு முழுவதும் விழித்தவர்கள் உடனே இருசக்கர வாகனத்தை முறுக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவதைத்தான் மலையின் எந்தச் சரிவையும்விட அதிகமாக அஞ்சுகிறேன். குழுவில் மலையேறாத ஒருவர் வண்டி ஓட்டுவதாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் காந்திபுரத்துக்குப் பேருந்து இருக்கிறது, ஏறி உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போகலாம். சொந்த வண்டிதான் என்றால் கோயில் பக்கம் நிழலில் துண்டை விரித்து இரண்டு, மூன்று மணி நேரம் படுத்து எழுந்து, முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மறுநாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அந்த அவசரமே இருக்காது.