வாய் திறக்காத பாட்டி

அம்மாவின் பெட்டக எண்ணையும் உயிலைப் பற்றிய குறிப்பையும் ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. டர்பனில் என் மடிக்கணினி ஒருமுறை களவு போனதிலிருந்து இப்படிப்பட்ட விவரங்களை வெறும் எழுத்தாக எங்கும் விட்டுவைக்க எனக்கு மனம் வருவதில்லை. எனவே பாட்டி தகர வீட்டு வாசலில் நிற்கும் பழைய புகைப்படத்தை ஸ்கேன் செய்து, அதற்குள் செய்தியை ஒளித்துச் செயலி வழியாக அனுப்பினேன். மறுநாள் அக்கா அழைத்து, "தம்பி, பாட்டி வாயே திறக்கவில்லை" என்றார்.

ஸ்டெகனோகிராஃபி என்னும் இக்கலையின் எளிய வழியைத்தான் நான் கையாண்டிருந்தேன். வண்ணப் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும், அதாவது படத்தை ஆக்கும் சிறு புள்ளியிலும், சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள் உள்ளன. சிவப்பு 200 என்பது 201 ஆனால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. கணினி எந்த எண்ணையும் எழுத்தையும் பிட் எனப்படும் 0, 1 ஆகியவற்றின் வரிசையாகவே வைக்கிறது. ஆகவே ஒவ்வோர் எண்ணின் கடைசி பிட்டை மட்டும் மாற்றி அங்கே நம் செய்தியின் பிட்டுகளை அமர்த்தலாம். நம் மொழிக்கு இதில் சற்றுக் கூடுதல் இடம் வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 8 பிட் போதும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் 'மா' என்று எழுத மகரத்துக்கு 3 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்), துணைக்காலுக்கு 3 பைட் என 48 பிட் ஆகிறது, அதாவது பிக்சலுக்கு 3 பிட் வீதம் 16 பிக்சல்கள். 2000க்கு 1500 அளவுள்ள படத்தில் 30 லட்சம் பிக்சல்கள் இருப்பதால் அது ஒரு பாரமே அல்ல.

பிழை நான் அனுப்பிய விதத்தில் இருந்தது. செய்திச் செயலிகள் பெரும்பாலும் படத்தைச் சுருக்கி ஜேபெக் கோப்பாக மாற்றிவிடுகின்றன. அம்முறை படத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்மைகளை முதலில் கழித்துவிடுகிறது. நான் செய்தியை ஒளித்ததோ அந்த நுண்மைகளில்தான். எதையும் இழக்காமல் சுருக்கும் பிஎன்ஜி கோப்பாக, மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியிருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் வாழ்பவருக்கு ராபன் தீவுச் சிறையின் கதை இங்கே நினைவுக்கு வராமல் இராது. மண்டேலா சிறையில் எழுதிய தன்வரலாற்றை உடன் சிறையிருந்த மேக் மகாராஜும் லாலூ சிபாவும் மிக நுண்ணிய கையெழுத்தில் படியெடுத்தார்கள். 1976இல் விடுதலையான மகாராஜ் அந்தப் படியைத் தம் குறிப்பேடுகளின் அட்டைகளுக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தார். சிறை முற்றத்தில் புதைத்த மூலப்படியின் ஒரு பகுதியோ சுவர் கட்டத் தோண்டியபோது காவலர் கையில் அகப்பட்டது. புதைத்தது கிடைத்ததும் எவரும் படிக்கும்படி வெறும் எழுத்தாகவே இருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒளித்தல் வேறு, பூட்டுதல் வேறு.

ஆகையால் இரண்டாம் முறை செய்தியை முதலில் ஏஇஎஸ் என்னும் பரவலான முறையில் மறையாக்கம் செய்து, அதாவது கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டி, பிறகே படத்துக்குள் வைத்தேன். ஒளித்ததைக் கண்டறியும் வழிகள் பழையவை. 200, 201 போன்ற எண் இணைகளில் இயல்பான படத்தில் ஒன்று மிகுந்தும் மற்றொன்று குறைந்தும் இருக்கும். படம் முழுவதும் செய்தியை நிரப்பினால் இரண்டின் எண்ணிக்கையும் ஏறத்தாழச் சமமாகிவிடும். வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மன் ஆகிய ஆய்வாளர்கள் 1999இல் காட்டிய சோதனை இச்சமநிலையைத்தான் தேடுகிறது. என் செய்தி 1,200 பைட் மட்டுமே. அதைத் தாங்க 3,200 பிக்சல்கள், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில், போதுமாக இருந்தன. அவற்றையும் வரிசையாக எடுக்காமல், கடவுச்சொல்லிலிருந்து பெற்ற ஒழுங்கின்படி படமெங்கும் சிதறவிட்டேன். சமமான நீல வானத்தைவிடப் பழைய படத்தின் பொரிபொரியான தகரச் சுவர் இதற்கு நல்ல மறைவிடம்.

கடவுச்சொல்லை அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்; இம்முறை செய்தி ஓர் எழுத்தும் குறையாமல் வந்தது. மறைப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் கோப்பை அன்றிரவே அழித்துவிட்டேன், ஏனெனில் இரண்டையும் ஒப்பிட்டால் மாறிய பிக்சல்கள் உடனே வெளிப்பட்டுவிடும். படச் சட்டத்துக்குள் இருக்கும் அச்சுப் படத்தை யார் மீண்டும் ஸ்கேன் செய்தாலும் அதே எண்கள் வரப்போவதில்லை.